யாழினி என்பது சங்க காலப் பெயரா?

மகளுக்கு யாழினி என்று பெயரிட விரும்புவதாகவும், அது சங்க காலப் பெயர் என்று சிலர் சொல்ல, உறவினர் ஒருவர் 'இனி' என்னும் முடிவு வடமொழி என்று தடை சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு அந்தப் பெயர் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு நேரான விடை: யாழ் என்பது தமிழின் மிகப் பழைய சொற்களில் ஒன்று, யாழினி என்பது பழைய பெயர் அன்று. அது நம் காலத்தில் ஆக்கப்பட்ட பெயர். ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் எண்ணம் மிகப் பழையது என்பதால், இந்த விடையோடு நின்றுவிட எனக்கு மனம் இல்லை.

யாழ் என்பது வெறும் இசைக்கருவியின் பெயராக நின்றுவிடவில்லை. ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு 'யாழின் பகுதி'யையும் சேர்க்கிறது. அங்கே யாழ் என்றால் பண் என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்வார்கள். அதாவது கருவியின் பெயரே இசைக்கும் பெயராகிவிட்டது. குறிஞ்சியாழ், பாலையாழ், மருதயாழ் என்பவை அப்படிப் பிறந்த வழக்குகள். யாழின் முன்னோடி வேட்டை வில்லாக இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுவதற்குப் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் அழகான சான்று உண்டு. புல்லாங்குழல் ஊதிச் சலித்த இடையன் ஒருவன், உள்துளையுள்ள குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, அந்த வில்யாழில் குறிஞ்சிப் பண்ணை இசைக்கிறான். பொருநராற்றுப்படையோ பாணர் வைத்திருந்த யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. மானின் குளம்படிபோல நடுவில் பகுப்புடைய பத்தர் என்னும் ஒலிக்கூடு, அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், வளைந்து உயரும் கோடு, அதில் நரம்புகளைக் கட்டிய திவவு என்று வளரும் அந்த வருணனை, அதில் எழும் பாலைப்பண்ணைக் கேட்டால் வழிப்பறிக் கள்வர்கள்கூடக் கையிலுள்ள படைக்கலத்தை நழுவ விட்டுக் கொடுமை மறந்துவிடுவார்கள் என்று முடிகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஓர் இடத்தைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

இவ்வளவு பெருமை வாய்ந்த கருவியின் பெயரால் அக்காலப் பெண் ஒருத்தி அழைக்கப்பட்டாளா என்றால், இல்லை. நம் இலக்கியத்தில் யாழோடு நெருங்கிய பெண்களை எண்ணிப் பாருங்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில், கோவலன் பாடி முடித்ததும் யாழை வாங்கித் தானும் பாடி, அந்தப் பாட்டினாலேயே அவனைப் பிரிய நேர்ந்தவளின் பெயர் மாதவி. சீவக சிந்தாமணியில், யாழில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று நின்று, சீவகனிடம் தோற்றவளின் பெயர் காந்தருவதத்தை. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் இட்ட திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குப் பெயரிலேயே யாழ் உண்டு. உடன் பாடிவந்த அவருடைய மனைவியின் பெயர் மதங்கசூளாமணி. சங்கப் பாடல்களில் வரும் பெண்பாற் புலவர்களின் பெயர்களிலும் யாழினி இல்லை. ஆகவே 'சங்க காலப் பெயர்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்தப் பாட்டில் என்று கேளுங்கள்; காட்ட முடியாது.

பழைய மரபில் யாழையும் ஒரு பெண்ணின் பெயரையும் சேர்த்துப் பார்க்கக் கிடைக்கும் மிகச் சிறந்த இடம் வேதாரண்யம். திருமறைக்காடு என்னும் அந்தத் தலத்தில் அம்மையின் பெயர் யாழைப்பழித்த மொழியாள். சுந்தரர் அத்தலத்துப் பதிகத்தை 'யாழைப்பழித் தன்னமொழி மங்கை' என்றே தொடங்குகிறார். அம்மையின் குரலுக்கு முன் தன் வீணை ஒலி எடுபடாது என்று நாணியதால்தான் அந்தக் கோயிலில் கலைமகள் வீணை இல்லாமல் காட்சி தருகிறாள் என்று சொல்வது அவ்வூர் வழக்கம். காரைக்காலுக்கு அருகிலுள்ள தருமபுரத்திலும் இதே எண்ணம் வேறு வடிவத்தில் நிற்கிறது. சம்பந்தரின் 'மாதர் மடப்பிடியும்' என்னும் பதிகத்தின் இசையை யாழில் அடக்க முடியாமல், யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க ஓங்கினார் என்றும், சம்பந்தர் தடுத்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்றே பெயர். யாழ் இனிது, ஆனால் மனிதக் குரல் அதனினும் இனிது என்பதே இந்த இரண்டு கதைகளின் உட்கருத்து.

இதையே வீட்டுக்குள் கொண்டுவந்தவர் திருவள்ளுவர்.

குழலினிது யாழினிது என்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்.

இரண்டாவது சீரைப் பாருங்கள்: 'யாழினிது'. அதன் கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் உங்கள் மகளின் பெயர் அப்படியே நிற்கிறது. இந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார் என்று யாராலும் சுட்ட முடியாது. ஆனால் பள்ளிக்கூடம் போன தமிழர் ஒவ்வொருவருடைய நாவிலும் இருக்கும் இந்தக் குறள்தான் அந்தப் பெயரை இவ்வளவு இயல்பாக ஒலிக்கச் செய்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குழந்தைப் பேற்றைப் பற்றிய அதிகாரத்தில் வரும் குறள் அது என்பதும், குழந்தைக்கு வைக்கும் பெயர் அதிலிருந்து கிடைப்பதும் பொருத்தமானவை. ஒரு சிறு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'யாழ் இனிது' என்று சொல்பவர்கள் மழலையைக் கேளாதவர்கள் என்பது குறளின் பொருள். யாழினி என்ற பெயரோ யாழைப்போல இனியவள், அல்லது யாழினும் இனியவள் என்று குழந்தையைக் குறிக்கிறது.

இனி உங்கள் உறவினரின் தடைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. பத்மினி, நந்தினி, மோகினி முதலிய பெயர்களில் உள்ள 'இனி' வடமொழிப் பெண்பால் முடிவு. 'உடையவள்' என்ற பொருளைத் தருவது. இசைக்கருவிப் பெயர் ஒன்றிலேயே அதைக் காணலாம்: குடுமியான்மலை, திருமயம் பகுதிக் கல்வெட்டுகளில் வரும் 'பரிவாதினி' என்பது ஏழு நரம்புக் கருவியைக் குறிக்கும் வடசொல். ஆனால் தமிழுக்கும் அந்த ஒலி புதிதன்று. பாணர் குலத்துப் பாடல் மகளைச் சங்க இலக்கியம் பாடினி என்று அழைக்கிறது. புறநானூற்றின் 11ஆம் பாட்டில், சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் வீரத்தைப் பாடிய பாடினி பொன்னணி பெறுகிறாள். அவளுக்கு ஏற்பச் சுதி சேர்த்த பாணன் வெள்ளி நாரில் தொடுத்த பொற்றாமரை பெறுகிறான். அந்தப் பாட்டைப் பாடிய பெண்ணின் பெயர் பேய்மகள் இளவெயினி. எயின் என்னும் குடிப்பெயரோடு 'இ' சேர்ந்து எயினி ஆயிற்று. பிரிப்பு வேறானாலும் காதில் விழும் முடிவு ஒன்றுதான். குறமகள் இளவெயினி என்று இன்னொரு புலவரும் உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் இருக்கிறார். எனவே 'இனி' என்று முடிந்தாலே வடமொழி என்பது அவசரமான முடிவு.

யாழினியை இலக்கண வழியில் இரண்டு விதமாகப் பிரிக்கலாம். யாழ் என்பதோடு 'இனியாள்' சேர்ந்து, பின் பாதி குறைந்து நின்றது என்று கொண்டால், அது குறளின் வழியில் வந்த பெயர். யாழ்போல் இனியவள் என்பது பொருள். யாழ் என்பதோடு பாடினியில் உள்ளது போன்ற பெண்பால் முடிவு சேர்ந்தது என்று கொண்டால், யாழை உடையவள், யாழ் இசைப்பவள் என்பது பொருள். நான் முதலாவதையே விரும்புகிறேன். தமிழினி, குழலினி, மகிழினி என்று இதனோடு பிறந்த மற்றப் பெயர்களையும் 'இனியவள்' என்று கொண்டால்தான் பொருள் சீராக அமைகிறது. 'தமிழை இசைப்பவள்' என்பது ஒட்டவில்லை. நந்தினிகளையும் பத்மினிகளையும் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஓசை உடனே பிடித்துப்போயிருக்கும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். ஓசை பழகிய ஓசை, சொல் தமிழ்ச் சொல். ஒரு புதுப் பெயர் மக்களிடம் நிலைப்பதற்கு இந்த இரண்டும் வேண்டும்.

இத்தகைய பெயர்கள் எப்படி நம்மிடையே வந்தன என்பதை அறிய ஒரு நூற்றாண்டு பின்னே போக வேண்டும். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் 1916ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. திராவிட இயக்கம் அதை வீதிக்குக் கொண்டுவந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். ஆண்கள் தங்கள் பெயரைத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள் என்றால், பெண்களுக்கு அந்த மாற்றம் பெரும்பாலும் தொட்டிலில் நிகழ்ந்தது. தமிழ்ச்செல்வி, கயல்விழி, தேன்மொழி, மலர்க்கொடி, பூங்கோதை என்ற தலைமுறை அப்படித்தான் உருவாயிற்று. அவை இரண்டு சொற்களைச் சேர்த்த நீண்ட பெயர்கள். மேடைத் தமிழின் அடுக்கும் முழக்கமும் அவற்றில் கேட்கும். நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய காலத்தில் வருகைப் பதிவேட்டில் கயல்விழியும் தேன்மொழியும் இல்லாத வகுப்பே இல்லை.

பிறகு வந்த பெற்றோர் அந்தப் பெயர்களைப் பாட்டிமார் பெயர்களாகக் கருதத் தொடங்கினார்கள். ஷகரமும் ஹகரமும் ஸகரமும் கலந்த பெயர்கள் நகரத்திலும் சிற்றூரிலும் ஒருசேரப் பெருகின. எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே காலத்தில்தான் வேரூன்றியது. அதற்கு எதிர்வினையாக எழுந்த இரண்டாம் தமிழ் அலையின் பெயர்தான் யாழினி. இந்த அலையின் பெயர்கள் சுருக்கமானவை, மென்மையானவை, உயிரோசையில் முடிபவை: ஓவியா, இலக்கியா, இனியா, நிலா, மகிழினி. பொருளில் தமிழாகவும் ஓசையில் புதுமையாகவும் இருக்க வேண்டும் என்ற இரண்டு விருப்பங்களையும் ஒரே சமயத்தில் நிறைவேற்றிக்கொள்ளும் வழியைப் பெற்றோர் தாமே கண்டுபிடித்தார்கள். எந்த அரசாணையும் இதைச் செய்யவில்லை. எனக்கு இதில் பெருமகிழ்ச்சி உண்டு.

இவற்றுள் யாழினிக்கு இன்னொரு தனிச்சிறப்பு இருக்கிறது. அதில் ழகரம் இருக்கிறது. தமிழுக்கே உரிய எழுத்து என்று ழகரத்தைக் கொண்டாடுவதற்காகவே இந்தப் பெயரைத் தேர்ந்தவர்களை நான் அறிவேன். அந்த அன்பு நல்லதுதான். ஆனால் மலையாளத்திலும் ழகரம் உயிரோடு இருக்கிறது, பழைய கன்னடத்திலும் பழைய தெலுங்கிலும் அது இருந்து மறைந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்ற கேள்விக்கு எண்ணிக்கையால் விடை சொல்லும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிருவாகம் 1880 முதலான குழந்தைப் பெயர்களை, ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்காவது இடப்பட்டிருந்தால், எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான புள்ளியியல் அலுவலகம் 3 குழந்தைகள் இருந்தாலே வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் பதிவானாலும், அப்படிப் பெயர்வாரியான பட்டியல் வெளிவருவதில்லை. ஆகவே இணையத்தில் 'இந்த ஆண்டின் முதல் நூறு தமிழ்ப் பெயர்கள்' என்று வரிசை எண்ணோடு வருபவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கண்ணால் கண்டதை வைத்து நான் சொல்லக்கூடியது இதுதான்: என் தலைமுறையில் யாழினி என்ற பெயருடைய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை, இன்று தொடக்கப்பள்ளி மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயரை வாசிக்கும்போது அது காதில் விழுவது வியப்பாக இல்லை. அரிய பெயர் என்ற நிலையைக் கடந்துவிட்டது. வகுப்புக்கு மூவர் என்ற நிலைக்கு இன்னும் வரவில்லை. யாரிடமும் இல்லாத பெயர்தான் வேண்டும் என்றால் யாழ்மொழி, யாழிசை ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஈழத் தமிழரிடையே இந்தப் பெயருக்குக் கூடுதலான ஒரு பற்று உண்டு, அதற்குக் காரணம் ஊர்ப்பெயர். கண்பார்வையற்ற யாழ்ப்பாணர் ஒருவர் அரசனை மகிழ்வித்து மணல் நிறைந்த அந்த நிலத்தைப் பரிசாகப் பெற்றதால் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தது என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. அது வரலாறா, கதையா என்பது வேறு விவாதம். யாழ் என்ற ஈரெழுத்துச் சொல்லே அங்கே ஊரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது என்பது நடைமுறை உண்மை. யாழின் மறுபிறப்புக்கும் ஈழமே தாய். கருவி வழக்கொழிந்து, வீணை அதன் இடத்தைப் பிடித்து, நூற்றாண்டுகள் கழிந்த பின், மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, நரம்பு எண்ணிக்கையும் சுருதிக் கணக்கும் கண்டு 'யாழ் நூல்' எழுதினார். அது 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். உங்கள் மகள் வளர்ந்து தன் பெயருக்குப் பொருள் கேட்கும் நாளில், அவளுக்குச் சொல்ல வேண்டிய முதல் கதை அதுவாக இருக்கட்டும்.

கடைசியாக எழுத்துமுறை. தமிழ்நாட்டில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட், எச் ஆகிய இரண்டு எழுத்துகளையும் சேர்த்து எழுதுவது வழக்கம்; கேரளத்தின் கோழிக்கோடும் ஆலப்புழையும் அப்படியே எழுதப்படுகின்றன. இலங்கையில் எல் ஒன்றே போதும். 1956 முதல் கொழும்புக்கும் வடக்குக்கும் ஓடிய யாழ்தேவி தொடருந்தின் பெயர் அப்படித்தான் எழுதப்படுகிறது. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' என்னும் பிரெஞ்சுப் படத்தில், ஈழத்திலிருந்து பாரிசுக்குப் போகும் நாயகியின் பெயர் யாழினி. அதுவும் எல் எழுத்தோடுதான் உலகெங்கும் அச்சானது. தமிழ் என்ற சொல்லையே நாம் ஆங்கிலத்தில் எல் போட்டுத்தான் எழுதுகிறோம் என்பதால், இரண்டில் எதுவும் பிழை ஆகாது. வெளிநாட்டில் வாழப்போகும் பிள்ளை என்றால் எல் எழுத்தே நல்லது என்பது என் கருத்து. இசட் என்று எழுதினால் தமிழ் அறியாதவர்கள் அதை இசட் என்றே ஒலிப்பார்கள். எல் என்று எழுதினால் லகரமாக ஒலிப்பார்கள், அது ழகரத்துக்குச் சற்றேனும் அருகில் நிற்கும். தமிழ்நாட்டிலேயே படிக்கப்போகிறாள் என்றால் இங்குள்ள வழக்கத்தைப் பின்பற்றுங்கள். வீட்டில் 'யாளினி' என்று ஒலிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அந்த ஒலி கோயில் தூணிலுள்ள யாளியை நினைவூட்டும் என்பதால், தொடக்கத்திலிருந்தே நாக்கை மடித்துச் சொல்லிப் பழக்குவது நல்லது.

எதை முடிவு செய்தாலும் பிறப்புச் சான்றிதழில் ஒரே எழுத்துமுறையை இடுங்கள். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இன்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க முடியும். ஒருமுறை பதிந்த எழுத்தை மாற்றுவது அதைவிடக் கடினம். ஆகவே படிவத்தில் எழுதுவதற்கு முன், தமிழில் ஒரு தாளிலும் ஆங்கிலத்தில் ஒரு தாளிலும் எழுதி, வீட்டிலுள்ள எல்லோரையும் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.